வரி நோட்டில் பெயர்



இன்றைய சமூகத்தில் மதத்தின் இடம் என்ன, அது எப்படித் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேசுவது சுலபம். மதம் நல்லது, மனிதர்கள்தான் கெடுத்துவிட்டார்கள் என்று ஒரு மணி நேரம் பேசலாம். மதமே நஞ்சு என்று இன்னொரு மணி நேரம் பேசலாம். இரண்டுக்கும் கைதட்டல் கிடைக்கும். நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மதத்தை நான் புராணத்தில் பார்த்ததைவிடக் கோப்புகளில் பார்த்ததுதான் அதிகம். அந்தக் கோப்புகளைப் படித்த பிறகு, மேலே சொன்ன இரண்டு பேச்சிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. ஆகவே தத்துவத்தை விட்டுவிட்டு ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தைப் பற்றிப் பேசப்போகிறேன்.

தென் மாவட்டத்து ஊர் ஒன்றில் அம்மனுக்குப் பொங்கல் சாட்டப்போகிறார்கள் என்றால் முதலில் ஊர்க்கூட்டம் போடுவார்கள். அங்கே முதலில் முடிவாவது வரி. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பார்கள். கல்யாணம் ஆன ஆண் ஒரு தலைக்கட்டு. கணவனை இழந்தவள் பல ஊர்களில் அரை வரி. சில ஊர்களில் அவளிடம் வாங்குவதே இல்லை. இதைச் சலுகை என்பார்கள். அந்தச் சலுகையோடு ஊர்க்கூட்டத்தில் அவளுக்குப் பேச்சும் இல்லாமல் போய்விடுகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. இந்தக் கணக்கெல்லாம் ஏறும் இடம்தான் வரி நோட்டு. பந்தல்காரருக்கு, மைக் செட்டுக்கு, மேளத்துக்கு, கிடாய்க்கு, வாணவேடிக்கைக்கு எவ்வளவு என்பதும் அதில் இருக்கும். ஆனால் அதன் உயிர் முன்பக்கத்துப் பெயர்ப் பட்டியலில்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இருப்பவன் முளைப்பாரி எடுக்கலாம், பூக்குழி இறங்கலாம், கோயில் வாசலில் திருநீறு வாங்கலாம். அவன் வீட்டில் சாவு விழுந்தால் காட்டுக்கு வருகிறவர்களும் அந்தப் பட்டியல்காரர்கள்தான். கூரை தீப்பிடித்தால் ஓலை கொண்டு வருவதும், பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் பந்தியில் நிற்பதும் அவர்கள்தான்.

மதம் நம் சமூகத்தில் செய்கிற பெரிய வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன். சொர்க்கம், மோட்சம், மறுபிறப்பு எல்லாம் பிறகு. நீ இந்த ஊர் ஆள் என்று ஒருவனைக் கணக்கில் சேர்ப்பது முதலில். திருப்பூரில் பனியன் கம்பெனியில் நிற்கிறவனும் சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறவனும் ஏன் ஆண்டுதோறும் தவறாமல் கூகுள் பேயில் வரி அனுப்புகிறான்? கடவுள் பயம் ஒரு காரணம். தன் பெயர் விட்டுப்போய்விடக் கூடாது என்ற பயம் அதைவிடப் பெரிய காரணம்.

இனி மறுபக்கம். வரி கட்டாதவனைத் தண்டிப்பது அரசாங்கத்தின் வழக்கம். ஊரில் கடும் தண்டனை, வரி வாங்க மறுப்பது. சாதி மாறிக் கல்யாணம் செய்தவர், ஊர்ப் பஞ்சாயத்தை மீறிக் காவல் நிலையத்துக்குப் போனவர், ஊர் நிறுத்திய ஆளுக்கு எதிராக உள்ளாட்சித் தேர்தலில் நின்றவர், இவர்கள் பணத்தோடு வந்து நிற்பார்கள். நாட்டாண்மை கை நீட்ட மாட்டார். அவ்வளவுதான். அடியும் இல்லை, வசையும் இல்லை, எந்தச் சாட்சியும் இல்லை. அன்று முதல் அந்தக் குடும்பத்தோடு யாரும் பேச மாட்டார்கள், கடையில் சாமான் கொடுக்க மாட்டார்கள். தெண்டம் கட்டி, ஊர் காலில் விழுந்து எழுந்தால் பெயர் திரும்ப ஏறும். பட்டியல் சாதி மக்களின் பெயரோ பல ஊர்களில் அந்த நோட்டில் என்றுமே ஏறியதில்லை. அவர்கள் கொடுக்கிற பணத்தை வாங்கினால் உரிமை கொடுத்ததாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மதத்தின் நன்மையையும் தீமையையும் தனித்தனிப் பெட்டியில் போட முடியாது என்பது இதனால்தான். ஓலை கொண்டு வருகிற கையும் வரி வாங்க மறுக்கிற கையும் ஒன்று. "உண்மையான மதம் இப்படிச் சொல்லவில்லை" என்று சொல்லித் தப்பிக்க இங்கே வழி கிடையாது.

ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய கதை ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் இலங்கையிலிருந்து வந்து பாம்பனில் இறங்கினார். வரவேற்றவர் ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி. விவேகானந்தர் சிகாகோ போகத் தூண்டுகோலாக இருந்தவர்களில் ஒருவர் அவர். வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு மக்கள் இழுத்தார்கள். ராஜாவும் கூடச் சேர்ந்து இழுத்தார். மறுநாள் ராமேசுவரம் கோயிலில் விவேகானந்தர் பேசியது ஏழைக்குச் செய்கிற தொண்டே சிவபூசை என்ற கருத்தைத்தான். அந்தப் பேச்சின் வேகத்தில் சேதுபதி ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்தார்.

அதே ஆண்டு மே மாதம், அதே சேதுபதியின் சமஸ்தானத்தில், கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்து வழிபட்டார்கள். கோயில் தீட்டுப்பட்டுவிட்டது என்று அவர்கள்மேல் வழக்குப் போட்டவர், பரம்பரை அறங்காவலரான பாஸ்கர சேதுபதி. இனி நுழையக் கூடாது என்று தடை கேட்டார். சுத்திகரிப்புச் செலவுக்கு நட்டஈடும் கேட்டார்.

இவரைக் கொடுமைக்காரர் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஜனவரியில் அவர் கொடுத்த சோறு பொய்யில்லை. சோறு போடும்போது அவர் பட்டியலை மாற்ற வேண்டியிருக்கவில்லை. கோயில் வாசலைத் திறந்தால் மாற்ற வேண்டியிருக்கும். தானம் செய்வதற்கும் பக்கத்தில் நிற்க இடம் விடுவதற்கும் உள்ள தூரத்தை அந்த நான்கு மாதங்கள் காட்டுகின்றன. இன்றும் அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி அனுப்புகிற பெரிய மனிதர்கள் பலர், தேர் வடத்தை யார் தொடலாம் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

வழக்கு மதுரையில் தொடங்கியது. 1899இல் தீர்ப்பு நாடார்களுக்கு எதிராக வந்தது. அதே ஆண்டில்தான் நாடார்களைக் குறிவைத்த சிவகாசிக் கலவரமும். மேல்முறையீடு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போய், அங்கிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. கமுதியில் சிவனுக்கு முன்னால் யார் நிற்கலாம் என்பதை 1908இல் லண்டனில் உட்கார்ந்திருந்த ஆங்கிலேயப் பிரபுக்கள் முடிவு செய்தார்கள். நுழையக் கூடாது என்பதே வழக்கம், அது நிரூபிக்கப்பட்டுவிட்டது என்றது தீர்ப்பு. இதைக் கவனியுங்கள். அதுவரை ஊருக்கு ஊர் மாறியும், ஆளுக்கு ஆள் நெகிழ்ந்தும் இருந்த ஒரு பழக்கம், இப்போது முத்திரை வைத்த சட்டமாகிவிட்டது. சாதித் தடையைப் பழைய காலத்து மிச்சம் என்கிறோம். அதை இறுக்கிக் கட்டியது நவீன நீதிமன்றம், நவீன வக்கீல், அச்சடித்த சாட்சியம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்; சிலருக்குப் பிடிக்காது. நாடார்கள் வழக்கில் என்ன வாதாடினார்கள்? கோயில் எல்லோருக்கும் பொது என்றா? இல்லை. நாங்கள் பாண்டியர் வழிவந்த சத்திரியர், எங்களைத் தடுப்பது தவறு என்றார்கள். அதாவது பட்டியல் இருக்கட்டும், அதில் எங்கள் இடத்தை மேலே மாற்றுங்கள் என்பதே கோரிக்கை. மதத்தால் தள்ளப்பட்டவர்கூட அதே ஏணியில்தான் ஏறப் பார்க்கிறார். ஆனால் அந்தச் சமூகம் வேறொன்றும் செய்தது. வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிரித்து, அந்தப் பொதுப் பணத்தில் பள்ளிக்கூடங்கள் நடத்தியது. சாமிக்கு வரி பிரிக்கத் தெரிந்த கைதான் மகமையும் பிரித்தது. விருதுநகரின் சத்திரிய வித்தியாசாலையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படித்தார்கள். பிரிவி கவுன்சில் வழக்கு தராததை அந்தப் பள்ளிகள் தந்தன.

இனி கமுதியிலிருந்து தெற்கே வாருங்கள். திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம். அங்கே கத்தோலிக்கர்களுக்கு 1872இல் ஒரு தேவாலயம் கட்டினார்கள். கால்சட்டைபோல இரண்டு கால் வைத்த கட்டடம் என்று அதைச் சொல்வார்கள். ஒரு காலில் வேளாளர், மற்றொரு காலில் நாடார், நடுவே சுவர். இரு தரப்பும் பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. எல்லோரும் ஒரே தந்தையின் பிள்ளைகள் என்று போதித்த மதம், அதைப் போதிப்பதற்காகவே பொறியியல் கணக்குப் போட்டுக் கட்டிய சுவர் அது! சாதி இந்து மதத்தின் நோய், மதம் மாறினால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஒருமுறை வடக்கன்குளம் வரலாற்றைப் படிக்க வேண்டும்.

1910இல் அந்தச் சுவரை இடித்தவர் கௌசானல் என்ற இயேசு சபைப் பாதிரியார். ஆயர் பார்த் அவருக்குத் துணை. வேளாளர்கள் நீதிமன்றம் போனார்கள். நெடுநாள் வழக்கமாக இருந்த எங்கள் உரிமை போய்விட்டது, பழையபடி பிரித்துக் கொடுங்கள் என்று கேட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம் மறுத்துவிட்டது. கிறிஸ்தவக் கோயிலுக்குள் சாதியை வைத்து உரிமை கேட்க முடியாது, வழிபாட்டு ஏற்பாடு திருச்சபையின் அதிகாரம் என்பது அதன் சாரம்.

இந்த இரண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. சில ஆண்டு இடைவெளியில், ஒரே வட்டாரத்தில், ஒரே சமூகம் இரண்டு வாசலில் நின்றது. ஓரிடத்தில் வழக்கம் செல்லும் என்றது நீதிமன்றம், மற்ற இடத்தில் செல்லாது என்றது. சட்ட நுணுக்கம் வேறு வேறுதான். ஆனால் இரண்டு இடத்திலும் வென்றவர் சாவி வைத்திருந்தவர். கமுதியில் சாவி வைத்திருந்தவர் பூட்ட விரும்பினார். வடக்கன்குளத்தில் இடிக்க விரும்பினார்.

மதுரையும் இதையே சொல்கிறது. 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ்காரரான வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர் ஐந்து பேரையும் விருதுநகர் சண்முக நாடாரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனார். கமுதியில் நாடார்களுக்குக் கிடைக்காத மீனாட்சி சுந்தரேசுவரர் சன்னிதி, மதுரையில் கிடைத்தது. மாதக்கணக்கில் கூட்டம் போட்டு, வீடு வீடாகப் பேசி வந்த ஐயரின் உழைப்பு அதற்குப் பின்னால் உண்டு. ஆனால் அன்று கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு வரவேற்கும் பக்கம் நின்றார் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பட்டர்களில் பலர் பூசை செய்ய மறுத்தார்கள். மீனாட்சி கோயிலை விட்டு வெளியேறிவிட்டாள் என்று சொல்லி ஒரு வீட்டில் தனி வழிபாடு நடத்தியவர்களும் உண்டு. அம்மனையே வெளிநடப்புச் செய்ய வைத்துவிட்டார்கள்! நுழைந்தவர்கள்மேல் வழக்கு வராமல் காக்க ராஜாஜி அரசு அவசரச் சட்டம் போட்டது, பிறகு அது சட்டமானது. கதவு முதலில் திறந்தது, சட்டம் பிறகு வந்தது.

1947இல் ஆலய நுழைவுச் சட்டம், பிறகு அரசியல் சாசனத்தின் 17ஆம் பிரிவு. காகிதத்தில் இன்று எந்தக் கதவும் பூட்டியில்லை. ஆனாலும் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்கு 2023 ஜூனில் அரசாங்கமே சீல் வைத்தது. தலித் இளைஞர்கள் உள்ளே போனதற்கு அடி வாங்கினார்கள், சமாதானக் கூட்டங்கள் முறிந்தன. 2024 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவின்படி பூசைக்கு மட்டும் கதவு திறந்தது. மக்கள் எல்லோரும் உள்ளே போக 2025 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் போலீஸ் காவலோடு.

சமாதானக் கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கோட்டாட்சியர் நடுவில், காவல் துறை ஒரு பக்கம், இரு தரப்பும் எதிரெதிரே. "சட்டம் ஒழுங்கு" என்ற சொல் வந்ததும் பேச்சு முடிந்துவிடும். அதன் பிறகு உரிமை யாருக்கு என்பது போய், கலவரம் வராமல் என்ன செய்வது என்பதே கேள்வியாகிவிடும். கலவரம் செய்வேன் என்று சொல்லக்கூடியவருக்கு அந்த மேசையில் இயல்பாகவே பலம் அதிகம். சீல் வைப்பது நடுநிலை போலத் தெரியும். உள்ளே போகவே முடியாதவனுக்கும் தினமும் போய்க்கொண்டிருந்தவனுக்கும் ஒரே பூட்டு என்பது எந்த வகை நடுநிலை?

மதங்களுக்கு இடையிலான மோதலைப் பற்றி நான் இன்னும் பேசவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். 1982இல் மண்டைக்காட்டில் பகவதி அம்மன் மாசிக் கொடைச் சமயத்தில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவ மீனவர்களுக்கும் மூண்டதை இந்த அவையில் பலர் நேரில் அறிந்திருப்பீர்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின; குன்றக்குடி அடிகளார் போன்றவர்கள் அங்கே போய் அமைதிக்கு உழைத்தார்கள். நான் அதை வேறு நோயாகப் பார்க்கவில்லை. உள்ளே யார் முதல், யார் கடைசி என்ற கணக்கில் மனக்குறை உள்ளவர்களிடம், வெளியே ஓர் எதிரியைக் காட்டினால் கணக்கு மறந்துபோகும். ஊர்வலத்தில் கொடி பிடிக்க எல்லோரையும் கூப்பிடுவார்கள். ஊர்வலம் முடிந்து கருவறைப் பக்கம் போகும்போது பழைய வரிசை திரும்பிவிடும். தேர்தலுக்காக மதத்தைத் தொடுகிறவர்களுக்கு இந்தச் சூட்சுமம் நன்றாகத் தெரியும்.

பட்டியல் இல்லாத மதம் சாத்தியமா? வடலூரில் 1867இல் ராமலிங்க அடிகள் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. யார் வந்தாலும் சோறு. பெயர் கேட்பதில்லை, வரி இல்லை. நான் மிகவும் மதிக்கிற இடம் அது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறவர் யாருக்கும் உறவாவதில்லை. பசிக்கு அது போதும். சாவு வீட்டுக்கு ஆள் வேண்டும் என்றால் அவர் ஊருக்குத்தான் திரும்ப வேண்டும். அதனால் பட்டியலே கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதில் பெயரை அடிக்கிற அதிகாரத்தைப் பற்றித்தான் பேச முடியும்.

அந்த அதிகாரத்துக்கு நம் சட்டம் மிகவும் மரியாதை கொடுத்திருக்கிறது. மதத்திலிருந்து விலக்கி வைப்பதைத் தடுக்க 1949இல் பம்பாய் மாகாணம் ஒரு சட்டம் போட்டது. தாவூதி போரா முஸ்லிம்களின் தலைவர் அதை எதிர்த்து வழக்காடினார். விலக்கி வைப்பதும் மத உரிமையே என்று சொல்லி 1962இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. போராக்களில் விலக்கப்பட்டவருக்குத் தொழுகையிடமும் கிடையாது, அடக்கம் செய்ய இடமும் கிடையாது. அறுபது ஆண்டு கழித்து, 2023இல்தான், அந்தக் கேள்வியை ஒன்பது நீதிபதிகள் அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பினார்கள். மகாராஷ்டிரம் 2016இல் ஊர்விலக்குக்கு எதிராகத் தனிச் சட்டம் கொண்டு வந்தது. தமிழ்நாட்டில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. பட்டியல் சாதியினரைப் புறக்கணித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். சொந்தச் சாதிக்குள்ளேயே தள்ளி வைக்கப்பட்ட குடும்பம், எந்தப் பிரிவில் மனு எழுதுவது என்று தெரியாமல் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நிற்கிறது.

எனவே என் யோசனை சிறியது. திருவிழாவுக்கு அனுமதி கேட்டு ஊர்க்காரர்கள் வரும்போது, மைக் செட்டுக்கும் காவலுக்கும் மனு வாங்குகிற அதிகாரி வரி நோட்டையும் கேட்டு வாங்கட்டும். யாரிடம் வாங்கவில்லை, ஏன் வாங்கவில்லை என்று எழுதி வாங்கட்டும். பெரிய கோயில்களுக்கு அறநிலையத் துறைத் தணிக்கை இருக்கிறது. ஊர்ப் பொதுக் கோயிலின் கணக்கை ஒருவரும் பார்ப்பதில்லை. மதத்தில் அரசு தலையிடலாமா என்று கேட்பார்கள். காவலுக்குப் போலீஸ் கேட்கும்போது அந்தக் கேள்வி ஏன் எழவில்லை என்று திருப்பிக் கேட்கலாம்.

அதிகாரி செய்யாவிட்டால் பணம் அனுப்புகிறவர் செய்யலாம். இன்று ஊர்த் திருவிழாவின் பெரிய செலவெல்லாம் சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் போகிற பணத்தில்தான் நடக்கிறது. ஒரு காலத்தில் சேதுபதியிடம் இருந்த சாவியில் ஒரு பங்கு இப்போது உங்கள் கைபேசியில் இருக்கிறது. அனுப்புவதற்கு முன்னால், யார் யாரிடம் வாங்கவில்லை என்று ஒரு வார்த்தை கேளுங்கள். என்ன பதில் வரும் என்பதும் எனக்குத் தெரியும். "ஏன் தம்பி, உன் பணத்தையும் திருப்பி அனுப்பவா?" என்பார் நாட்டாண்மை, சிரித்துக்கொண்டே. ஊரில் அப்பாவும் அம்மாவும் தனியாக இருக்கிறார்கள், நாளை ஒன்று என்றால் தூக்குவதற்கு நான்கு பேர் வேண்டும். படித்தவர்கள் பேசாமல் இருப்பதற்குக் கோழைத்தனத்தைவிட இந்தக் கணக்குத்தான் காரணம். இதற்கு என்ன பதில் சொல்லலாம் என்பதை இனி நீங்கள் பேச வேண்டும். மைக்கை அவையிடம் கொடுக்கிறேன்.